கெய்ட்லின் கிளார்க்கின் அயோவா

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில், ஆண்கள் பெண்கள் இருபாலரையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், அதிகப் புள்ளிகள் எடுத்தவர் கெய்ட்லின் கிளார்க். 2020 நவம்பரிலிருந்து 2024 ஏப்ரல் வரை அயோவா பல்கலைக்கழகத்துக்காக அவர் ஆடியவை 139 ஆட்டங்கள். எடுத்தவை 3,951 புள்ளிகள். ஆட்டத்துக்குச் சராசரி 28.4. பந்தைக் கொடுத்துச் சக வீராங்கனைகளைப் புள்ளி எடுக்க வைத்த ‘அசிஸ்ட்’ 1,144. தொலைவிலிருந்து போட்ட மூன்று புள்ளிக் கூடைகள் 548. அவர் பிறந்த ஊர், படித்த பள்ளி, ஆடிய பல்கலைக்கழகம் மூன்றும் ஒரே மாநிலத்தில், ஒரே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கின்றன. டெமாயின் நகரில் தொடங்கி அயோவா சிட்டி வழியாக இண்டியானாபொலிஸ் வரை செல்லும் சுமார் 800 கிலோமீட்டர் சாலைப் பயணத்தில் அவருடைய ஆட்ட வாழ்க்கையை வரிசையாகப் பார்த்துவிடலாம். அந்தப் பாதையில் செல்பவருக்கு இன்னொன்றும் புலப்படும்: இந்தச் சாதனைக்குப் பின்னால், பெண்களின் ஆட்டத்தைக் காசு கொடுத்துப் பார்த்து நூறாண்டுகளாகப் பழகிய ஒரு மாநிலம் இருக்கிறது.

டெமாயின்

மிசிசிப்பி, மிசௌரி ஆகிய இரு பேராறுகளுக்கு இடையே உள்ளது அயோவா. மக்கள்தொகை சுமார் 32 லட்சம். மக்காச்சோளமும் சோயாவும் விளையும் கறுப்பு மண். பன்றி வளர்ப்பிலும் முட்டை உற்பத்தியிலும் அமெரிக்காவில் முன்னணியில் இருக்கும் மாநிலம். தலைநகர் டெமாயின். ஆற்றுக்குக் கிழக்கே மேட்டின் மேல், தங்க ரேக்கு ஒட்டிய குவிமாடத்தோடு சட்டமன்றக் கட்டடம் நிற்கிறது. காப்பீட்டு நிறுவனங்களின் அலுவலகங்கள் நகரின் நடுப்பகுதியை நிறைக்கின்றன.

பெரிய தொழில்முறை அணி எதுவும் இந்த மாநிலத்தில் இல்லை. அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால், கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி ஆகியவற்றின் முதல்நிலை லீக்குகளில் ஒன்றுக்கும் அயோவாவில் அணி கிடையாது. ஆகவே, சிகாகோவிலும் மினியாபொலிஸிலும் தொழில்முறை அணிகளுக்குப் போகும் அன்பு இங்கே பள்ளி அணிகளுக்கும் பல்கலைக்கழக அணிகளுக்கும் போகிறது.

கிளார்க் 2002 ஜனவரி 22 அன்று டெமாயினில் பிறந்தார். விளையாட்டு அவருடைய வீட்டிலேயே இருந்தது. தந்தை கல்லூரியில் கூடைப்பந்தும் பேஸ்பாலும் ஆடியவர். தாய்வழித் தாத்தா பள்ளி அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர். சிறு வயதில் பெண் குழந்தைகளுக்கென்று தனி அணி கிடைக்காததால், தந்தை அவரைச் சிறுவர்களோடு ஆடச் சேர்த்துவிட்டார். பெண்கள் தொழில்முறை ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் வடக்கே மூன்றரை மணி நேரம் காரில் போய் மினியாபொலிஸில் மினசோட்டா லிங்க்ஸ் அணியைப் பார்க்க வேண்டும். அப்படிப் போனபோது தன் ஆதர்ச வீராங்கனை மாயா மூரை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதைக் கிளார்க் பின்னாளில் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார்.

நகரின் மேற்கே ஒட்டியிருக்கும் வெஸ்ட் டெமாயினில் டௌலிங் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அவருடைய தாத்தா பயிற்சியாளராக இருந்த பள்ளி இதுதான். அங்கே கிளார்க் கூடைப்பந்தோடு கால்பந்தும் ஆடினார். 2019 பிப்ரவரியில் மேசன் சிட்டி பள்ளிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 60 புள்ளிகள் எடுத்தார். பள்ளி வாழ்க்கை முடிவில் அவர் கணக்கில் 2,547 புள்ளிகள் இருந்தன. நாடெங்கும் உள்ள பெரிய பல்கலைக்கழகங்கள் அவரை அழைத்தன. இண்டியானாவில் உள்ள நாட்டர்டேம் பல்கலைக்கழகத்தைக் கடைசிவரை எண்ணிப் பார்த்துவிட்டு, 2019 நவம்பரில் சொந்த மாநிலத்து அயோவா பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய ஆட்ட வாழ்க்கையைத் தீர்மானித்த முடிவு இது. பெண்கள் அணியில் ஏற்கெனவே கொடிகட்டிப் பறந்த இடத்துக்குப் போவதைவிட, சொந்த ஊர் அணியை உச்சத்துக்குக் கொண்டு செல்வதே தன் விருப்பம் என்பதை அவர் மறைக்கவில்லை.

ஆகஸ்டில் டெமாயினுக்கு வருபவர்கள் மாநிலக் கண்காட்சியைத் தவறவிடுவதில்லை. அங்கே 1911 முதல் வெண்ணெயில் பசு செய்து வைக்கும் வழக்கம் உண்டு. 2024 கண்காட்சியில் அந்தப் பசுவுக்குத் துணையாக அயோவாவோடு தொடர்புள்ள மூன்று விளையாட்டுப் புள்ளிகளின் வெண்ணெய்ச் சிற்பங்கள் வைக்கப்பட்டன. அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் கர்ட் வார்னர், ஜாக் டிரைஸ் ஆகியோரோடு மூன்றாவதாக நின்றவர் கிளார்க்.

ஆறு பேர் ஆட்டம்

டெமாயின் நகரின் நடுவே, ஆற்றின் மேற்குக் கரையில் வெட்டரன்ஸ் மெமோரியல் ஆடிட்டோரியம் இருக்கிறது. 1955-இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்தைத் தவிர்த்துவிட்டுக் கிளார்க்கின் கதையைச் சொல்ல முடியாது. மாநிலத்துப் பள்ளி மாணவிகளின் கூடைப்பந்துப் போட்டி ஆண்டுதோறும் மார்ச்சில் இங்கே நடந்தது. அந்த வாரத்தில் கிராமங்கள் காலியாகி டெமாயின் நிறையும் என்பார்கள். இன்று அது மாநாட்டு வளாகத்தின் ஒரு பகுதி. பள்ளி மாணவிகளின் போட்டி பக்கத்திலேயே 2005-இல் எழுந்த புதிய அரங்குக்கு மாறியது.

அந்த மாணவிகள் ஆடியது இன்றைய ஐந்து பேர் ஆட்டம் அல்ல. அணிக்கு ஆறு பேர். மூவர் தாக்குபவர்கள், மூவர் தடுப்பவர்கள். களத்தின் நடுக்கோட்டை எவரும் தாண்டக் கூடாது. தாக்கும் மூவர் மட்டுமே கூடையில் பந்து போடலாம். கையில் பந்து வந்தால் இரண்டு முறைக்கு மேல் தட்டக் கூடாது. பெண்ணுடல் களம் முழுக்க ஓடித் தாங்காது என்ற அந்தக் காலத்து நம்பிக்கையில் பிறந்த விதிகள் இவை. ஆனால் அவற்றின் விளைவு வேறாக இருந்தது. நின்ற இடத்திலிருந்து குறி பார்த்துப் போடுவதும், வேகமாகப் பந்தைக் கைமாற்றுவதும் இந்த ஆட்டத்தின் உயிராயின. மணிக்கணக்காகத் தனியே பயிற்சி செய்து, கூடை தவறாமல் போடும் பெண்கள் ஊர்தோறும் உருவானார்கள்.

மாநிலப் போட்டி 1920-இல் தொடங்கியது. ஐந்தாண்டுகளில் அதற்கு ஆபத்து வந்தது. பெண்கள் பொதுவெளியில் போட்டியிட்டு ஆடுவது தகாது என்று கருதிய பள்ளிகளின் விளையாட்டுச் சங்கம் 1925-இல் மாணவிகள் போட்டியைக் கைவிட்டது. பெரும்பாலும் சிற்றூர்ப் பள்ளிகளின் நிர்வாகிகள் அதை ஏற்காமல், மாணவிகளுக்கென்றே தனிச் சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது. மற்ற மாநிலங்கள் பல பெண்கள் ஆட்டத்தை ஒடுக்கிய பல பத்தாண்டுகளில் அயோவாவில் அது திருவிழாவாக நடந்தது. அறுவடை முடிந்து வயல்கள் உறையும் குளிர்காலத்தில், சிற்றூரில் மக்கள் கூடுமிடம் பள்ளியின் உள்ளரங்குதான். மகளோ பேத்தியோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ ஆடுவதைப் பார்க்க ஊரே வந்து உட்காரும்.

இதில் நட்சத்திரங்களும் தோன்றினார்கள். யூனியன்-விட்டன் பள்ளியின் டெனிஸ் லாங் ஒரே ஆட்டத்தில் 111 புள்ளிகள் எடுத்தவர். 1969-இல் ஆண்களின் தொழில்முறை அணியான சான் ஃபிரான்சிஸ்கோ வாரியர்ஸ் அவரைத் தேர்வுப் பட்டியலில் எடுத்தது. லீக் நிர்வாகம் அதைச் செல்லாது என்று அறிவித்தாலும், ஆண்கள் லீக்கின் அணி ஒன்று தேர்ந்தெடுத்த முதல் பெண் அவர்தான். வென்டுரா பள்ளியின் லின் லாரன்சன் 1980களில் பள்ளி வாழ்க்கை முழுவதிலுமாக 6,736 புள்ளிகள் குவித்தார். பெரிய பள்ளிகள் 1980களின் நடுவில் ஐந்து பேர் ஆட்டத்துக்கு மாறின. ஆறு பேர் ஆட்டத்தின் கடைசி மாநிலப் போட்டி 1993-இல் நடந்தது.

கிளார்க் அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர். அந்த ஆட்டத்தை ஆடியதே இல்லை. ஆனால் அவருக்குப் பயிற்சி அளித்தவர்களில் ஒருவரான ஜான் ஜென்சன் ஆறு பேர் ஆட்டத்தில் பள்ளியின் கடைசி ஆண்டில் ஆட்டத்துக்குச் சராசரி 66 புள்ளிகள் எடுத்தவர். அவருடைய பாட்டியும் 1920களில் மாநிலப் போட்டியில் ஆடியவர். கிளார்க்கின் ஆட்டங்களுக்கு வந்த வெள்ளைத் தலைப் பார்வையாளர்களில் பலர் ஆறு பேர் ஆட்டத்தில் ஆடிய பெண்களும் அவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களும்தான்.

எண்பதாம் நெடுஞ்சாலை

டெமாயினிலிருந்து அயோவா சிட்டி கிழக்கே சுமார் 185 கிலோமீட்டர். இன்டர்ஸ்டேட் 80 என்னும் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அயோவா தட்டையான நிலம் என்று பலர் நினைக்கிறார்கள்; இந்தச் சாலையில் நிலம் அலை அலையாக ஏறி இறங்குகிறது. தானியக் கொள்கலன்களும் காற்றாலைகளும் மாறி மாறி வருகின்றன. மாநிலத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து கிடைக்கிறது. நியூட்டன், கிரின்னல் ஆகிய ஊர்களைத் தாண்டினால், வடக்கே சற்று உள்ளே தள்ளி அமானா குடியிருப்புகள். ஜெர்மனியிலிருந்து வந்த சமயக் குழுவினர் 1855 முதல் ஏழு கிராமங்களாக அமைத்து, 1932 வரை சொத்தைப் பொதுவில் வைத்து வாழ்ந்த இடம் அது.

அயோவா சிட்டி 1857 வரை மாநிலத்தின் தலைநகராக இருந்தது. தலைநகர் டெமாயினுக்குப் போனபோது பழைய சட்டமன்றக் கட்டடம் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது. அதன் குவிமாடமும் பொன் நிறம். 1847-இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் அயோவா ஆற்றின் இரு கரைகளிலும் பரவியிருக்கிறது. கிழக்குக் கரையில் வகுப்பறைகளும் புத்தகக் கடைகளும் உணவகங்களும். மேற்குக் கரையில் மருத்துவமனையும் விளையாட்டு அரங்கங்களும். 1936-இல் தொடங்கிய எழுத்துப் பட்டறையாலும், உலக நாடுகளின் எழுத்தாளர்களை அழைக்கும் திட்டத்தாலும் இந்த ஊர் புகழ்பெற்றது. 2008-இல் யுனெஸ்கோ இதை இலக்கிய நகரமாக அறிவித்தது. எழுத்தாளர்களை அழைக்கும் அந்தத் திட்டத்தில் 1973-இல் வந்து தங்கிய அசோகமித்திரன், அந்த நாட்களை வைத்து எழுதிய நாவல் ‘ஒற்றன்’. தமிழ் வாசகர்களில் பலர் இந்த ஊரின் பனியையும் விடுதி வாழ்க்கையையும் அதன் வழியாகவே அறிவார்கள்.

கார்வர்-ஹாக்கை அரங்கம்

மேற்குக் கரையில் இருக்கும் கார்வர்-ஹாக்கை அரங்கம் 1983 ஜனவரியில் திறக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவு பெரிய அரங்கம் என்று தோன்றாது. பள்ளத்தில் கட்டப்பட்டிருப்பதால் வாசல் தரைமட்டத்தில் இருக்கிறது. சுமார் 15,000 இருக்கைகளும் அதற்குக் கீழே. உள்ளே நுழைபவர் கோயில் குளத்துப் படிகளில் இறங்குவதுபோல நாலாபுறமும் இறங்கிப் போகலாம், அடியில் களம். கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் மேலே வெளிப்படையாகத் தெரிகின்றன. எழும் ஓசை முழுவதும் களத்தின் மேல் வந்து குவிகிறது.

பெண்கள் ஆட்டத்துக்கு இங்கே கூட்டம் வந்தது கிளார்க்கால் மட்டும் அல்ல. ஸ்காட்லாந்தில் பிறந்த கிறிஸ்டீன் கிராண்ட் 1973 முதல் 2000 வரை பல்கலைக்கழகத்தின் பெண்கள் விளையாட்டுத் துறைக்குத் தலைவராக இருந்தார். கல்வி நிலையங்களில் பால் அடிப்படையில் வேறுபாடு காட்டுவதைத் தடை செய்த 1972-ஆம் ஆண்டின் ஒன்பதாம் தலைப்புச் சட்டத்துக்காக அவர் நாடு முழுவதும் வாதாடினார். 1983-இல் அவர் அழைத்து வந்த பயிற்சியாளர் விவியன் ஸ்டிரிங்கர். 1985 பிப்ரவரி 3 அன்று ஒஹையோ ஸ்டேட் அணிக்கு எதிரான ஆட்டத்துக்கு 22,157 பேர் திரண்டார்கள். அரங்கின் கொள்ளளவை மீறிய கூட்டம். பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் அன்றைக்கு அது தேசியச் சாதனை. 1993-இல் ஸ்டிரிங்கரின் அணி தேசிய அரையிறுதி வரை சென்றது. 2000-இல் லிசா ப்ளூடர் பொறுப்பேற்றார். அவரோடு ஜான் ஜென்சனும் வந்தார். அவர்களிடம் பயின்ற மேகன் கஸ்டாஃப்சன் 2019-இல் ஆண்டின் சிறந்த வீராங்கனைக்கான நெய்ஸ்மித் விருது பெற்றார்.

இந்த வரிசையில்தான் கிளார்க் வந்தார். வந்த நேரம் கொரோனா காலம். 2020 நவம்பர் 25 அன்று வடக்கு அயோவா பல்கலைக்கழகத்துக்கு எதிராக 27 புள்ளிகளோடு அவர் தொடங்கியபோது இருக்கைகள் வெறுமையாக இருந்தன. முதல் பருவத்திலேயே சராசரி 26.6 புள்ளிகளோடு நாட்டில் முதலிடம் பிடித்தார். தேசியப் போட்டியில் கடைசிப் பதினாறு அணிகளின் சுற்றில் கனெக்டிகட் அணியிடம் அயோவா தோற்றது.

இரண்டாம் பருவத்தில் பார்வையாளர்கள் திரும்பினார்கள். 27.0 புள்ளிகள், 8.0 அசிஸ்ட் என்ற சராசரிகளோடு, முதல் பிரிவில் ஒரே பருவத்தில் இரண்டிலும் நாட்டின் முதலிடம் பெற்ற முதல் பெண்ணானார். மிச்சிகனில் ஒரே ஆட்டத்தில் 46 புள்ளிகள் எடுத்தார். ஆனால் ஆட்டம் தோல்வி. அயோவா சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பான பிக் டென்னின் கோப்பையை அணி வென்றது. ஆயினும் தேசியப் போட்டியின் இரண்டாம் சுற்றில், சொந்த அரங்கில், கிரைட்டன் அணியிடம் 62-64 என்று தோற்றது.

ஆட்டத்தின் நுட்பம்

கிளார்க் பாயிண்ட் கார்டு. பந்தை எதிரணியின் பக்கத்துக்குக் கொண்டு சென்று ஆட்டத்தை நடத்துவது இந்த இடத்தில் ஆடுபவரின் வேலை. உயரம் 183 சென்டிமீட்டர். பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு 2021 முதல் கூடையிலிருந்து 6.75 மீட்டரில் இருக்கிறது. கிளார்க் அதற்கும் இரண்டு மூன்று மீட்டர் பின்னால், களத்தின் நடுவே வரைந்த அணிச் சின்னத்தின் விளிம்பில் நின்று போடுவார். இதை ‘லோகோ ஷாட்’ என்கிறார்கள்.

பார்க்க அழகான வித்தை என்பதற்கும் மேலான பயன் அதில் உண்டு. அவ்வளவு தூரத்திலிருந்து கூடை விழக்கூடும் என்றால் எதிரணி அங்கேயே வந்து தடுக்க வேண்டும். தடுப்பவர் முன்னே வந்தால் அவருக்குப் பின்னால் கூடை வரை பெரிய இடைவெளி திறக்கிறது. அந்த இடைவெளியில் ஓடும் தோழிக்குப் பந்து போய்ச் சேரும். நடு ஆட்டக்காரர் மோனிகா சினானோ மூன்று பருவங்கள் அவரோடு ஆடி, இப்படி வந்த பந்துகளைக் கூடைக்கு அடியில் வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். பந்து கைக்கு வந்த கணத்தில் களத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வீசுவதும் கிளார்க்கின் வழக்கம். இந்தத் துணிச்சலுக்கு விலையும் உண்டு. பந்தை எதிரணியிடம் இழப்பது அவரிடம் அதிகம். கடைசிப் பருவத்தில் ஆட்டத்துக்கு நான்கு முறைக்கு மேல் இழந்தார். அவரால் கிடைக்கும் புள்ளிகளைப் பார்க்கும்போது அந்த இழப்பைப் பயிற்சியாளர்கள் பொறுத்துக்கொண்டார்கள். புள்ளி, ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் மூன்றிலும் ஒரே ஆட்டத்தில் இரட்டை இலக்கம் தொடுவதை ‘டிரிபிள் டபுள்’ என்பார்கள். கல்லூரி வாழ்க்கையில் அதை 17 முறை செய்தார்.

டாலஸ் வரை

2022-23 பருவத்தில் அயோவா அணி முழு வடிவம் பெற்றது. 2023 பிப்ரவரி 26 அன்று கார்வர் அரங்கில் இண்டியானா அணிக்கு எதிராக, நேரம் முடியும் மணியோடு கிளார்க் போட்ட மூன்று புள்ளி 86-85 என்று வெற்றி தந்தது. தேசியப் போட்டியின் காலிறுதி சியாட்டிலில் நடந்தது. லூயிவில் அணிக்கு எதிராக 41 புள்ளிகள், 12 அசிஸ்ட், 10 ரீபவுண்ட். தேசியப் போட்டியில் ஆணோ பெண்ணோ 40 புள்ளிகளோடு டிரிபிள் டபுள் எடுத்தது அதுவே முதல் முறை.

அரையிறுதிகளும் இறுதியும் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸில். எதிரே தென் கரோலினா. அந்தப் பருவத்தில் ஆடிய 36 ஆட்டங்களிலும் வென்ற அணி. மார்ச் 31 அன்று அயோவா அதை 77-73 என்று வீழ்த்தியது. கிளார்க் மீண்டும் 41. இரண்டு நாள் கழித்து நடந்த இறுதியில் அவர் 30 புள்ளிகள் எடுத்தும் லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் எல்.எஸ்.யூ. அணி 102-85 என்று வென்றது. அந்த இறுதியைத் தொலைக்காட்சியில் சுமார் 99 லட்சம் பேர் பார்த்தார்கள். சிறந்த வீராங்கனைக்கான அந்த ஆண்டின் நெய்ஸ்மித், உட்டன் விருதுகள் இரண்டையும் கிளார்க் பெற்றார். அடுத்த ஆண்டும் இரண்டும் அவருக்கே வந்தன.

2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்குத் தந்து பணம் ஈட்ட அனுமதி கிடைத்திருந்தது. அயோவாவிலேயே தலைமையகம் கொண்ட ஹைவீ மளிகைக் கடைகளும், நைக், கேட்டரேட் போன்ற பெரிய நிறுவனங்களும் கிளார்க்கை ஒப்பந்தம் செய்தன. மாநிலத்தின் கடைத் தெருக்களில் அவருடைய 22-ஆம் எண் சட்டை எங்கும் தென்பட்டது.

கின்னிக் மைதானம்

கார்வர் அரங்கிலிருந்து சற்றுத் தள்ளி, அதே மேற்குக் கரையில், அமெரிக்கக் கால்பந்துக்கான கின்னிக் மைதானம் இருக்கிறது. சுமார் 69,000 இருக்கைகள். 1939-இல் கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது பெற்று, 1943-இல் போர்க்காலப் பயிற்சி விமானம் விழுந்து இறந்த நைல் கின்னிக்கின் பெயர் தாங்கியது. மைதானத்தை ஒட்டியே பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மருத்துவமனை உயர்ந்து நிற்கிறது. கால்பந்து ஆட்டங்களில் முதல் கால் பகுதி முடிந்ததும், மேல்மாடி ஜன்னல்களில் நிற்கும் குழந்தைகளை நோக்கி மைதானம் முழுவதும் திரும்பிக் கையசைக்கும். 2017-இல் தொடங்கிய இந்த வழக்கத்தை ஊர்க்காரர்கள் உயிராகப் போற்றுகிறார்கள்.

2023 அக்டோபர் 15 அன்று இந்தத் திறந்தவெளியில் கூடைப்பந்துக் களம் அமைத்து, டீபால் பல்கலைக்கழகத்தோடு காட்சி ஆட்டம் நடத்தினார்கள். குளிர்ந்த காற்று வீசியது. வந்தவர்கள் 55,646 பேர். 2002-இல் சான் அன்டோனியோவில் பதிவான 29,619 என்ற பெண்கள் கூடைப்பந்துப் பார்வையாளர் சாதனை ஏறக்குறைய இரு மடங்கால் முறிந்தது. அயோவா 94-72 என்று வென்றது. கிளார்க் டிரிபிள் டபுள் எடுத்தார். நிகழ்ச்சியிலிருந்து குழந்தைகள் மருத்துவமனைக்கு இரண்டரை லட்சம் டாலர் நன்கொடை போனது.

சாதனைகளின் குளிர்காலம்

2023-24 பருவத்தில் கார்வர் அரங்கின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டிக்கெட்டுகள் முன்பே விற்றுத் தீர்ந்தன. டிசம்பர் 6 அன்று டெமாயினுக்கு வடக்கே ஏம்ஸ் நகரில் அயோவா ஸ்டேட் அணிக்கு எதிராக 3,000 புள்ளிகளைக் கிளார்க் கடந்தார். பிப்ரவரி நடுவில் தொடங்கி மூன்று வாரங்களுக்குள் பழைய சாதனைகள் அடுத்தடுத்து விழுந்தன.

பிப்ரவரி 15 அன்று கார்வரில் மிச்சிகன் அணி. அதிகாரப்பூர்வக் கணக்கில் பெண்களில் முதலிடத்தில் இருந்த கெல்சி பிளம்மின் 3,527 புள்ளிகளைத் தாண்டக் கிளார்க்குக்கு எட்டுப் புள்ளிகள் தேவை. ஆட்டம் தொடங்கிய இரண்டே கால் நிமிடத்துக்குள், அணிச் சின்னத்தின் அருகிலிருந்து போட்ட மூன்று புள்ளியால் தாண்டினார். அன்று மொத்தம் 49 புள்ளிகள். பல்கலைக்கழகத்தின் ஓர் ஆட்டச் சாதனையும் அதுவே. பிப்ரவரி 28 அன்று மினசோட்டாவில் லினெட் உட்டர்டின் 3,649 புள்ளிகளைக் கடந்தார். உட்டர்ட் 1977 முதல் 1981 வரை கான்சஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. பெண்கள் போட்டியை நடத்தத் தொடங்கும் முன் எடுக்கப்பட்ட புள்ளிகள் என்பதால் அவருடைய சாதனை அதிகாரப்பூர்வக் கணக்கில் சேராமல் இருந்தது. மூன்று புள்ளிக் கோடு இல்லாத காலத்தில், ஆண்களுக்கான பெரிய பந்தில் அவர் எடுத்தவை அவை. கிளார்க்கின் ஓட்டம் அந்தப் பெயரை மறதியிலிருந்து மீட்டது.

மார்ச் 3 அன்று ஒஹையோ ஸ்டேட் அணிக்கு எதிரான ஆட்டத்தில், இடைவேளைக்குச் சற்று முன், எதிரணியின் டெக்னிக்கல் ஃபவுலுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோவில் பீட் மராவிச்சின் 3,667 புள்ளிகளைத் தாண்டினார். 1967 முதல் 1970 வரை எல்.எஸ்.யூ. ஆண்கள் அணிக்கு ஆடிய மராவிச்சின் சாதனை ஐம்பதாண்டுக்கு மேல் நின்றது. நேர்மையான ஒப்பீட்டுக்கு இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மராவிச் ஆடியது 83 ஆட்டங்களே. முதலாண்டு மாணவர்கள் அன்று முதன்மை அணியில் ஆட முடியாது, மூன்று புள்ளிக் கோடும் இல்லை. அவருடைய சராசரி 44.2. அதுபோல, சிறிய கல்லூரிகளின் பிரிவில் பேர்ல் மூர் 1970களில் 4,061 புள்ளிகள் எடுத்திருக்கிறார். இந்தக் கணக்குகளால் கிளார்க்கின் சாதனை சிறுக்கவில்லை. எந்தக் காலத்தில், எந்த விதியில் எடுக்கப்பட்டது என்பது தெளிவாகிறது.

ஆல்பனியும் கிளீவ்லண்டும்

பிக் டென் போட்டியில் நெப்ராஸ்காவைக் கூடுதல் நேரத்தில் வென்று, அயோவா தொடர்ந்து மூன்றாம் முறையாகக் கோப்பையை எடுத்தது. தேசியப் போட்டியின் காலிறுதி ஏப்ரல் 1 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில். எதிரே முந்தைய ஆண்டு இறுதியில் தோற்கடித்த அதே எல்.எஸ்.யூ. கிளார்க் ஒன்பது மூன்று புள்ளிகளோடு 41 எடுத்தார். அயோவா 94-87 என்று வென்றது. கிளீவ்லண்டில் அரையிறுதியில் கனெக்டிகட்டை 71-69 என்று வென்ற பின், ஏப்ரல் 7 அன்று தென் கரோலினா காத்திருந்தது. முதல் கால் பகுதியிலேயே கிளார்க் 18 புள்ளிகள் எடுத்தார், முடிவில் 30. ஆனால் உயரமும் ஆழமும் மிக்க தென் கரோலினா 87-75 என்று வென்று, பருவம் முழுவதும் தோல்வியே காணாமல் முடித்தது. அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக 1 கோடியே 80 லட்சத்துக்கு மேல். அதே ஆண்டு ஆண்கள் இறுதியைப் பார்த்தவர்கள் 1 கோடியே 48 லட்சம். பெண்கள் இறுதி ஆண்கள் இறுதியை விஞ்சியது அதுவே முதல் முறை.

தேசியக் கோப்பை கிளார்க்குக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அதை அவருடைய குறையாகச் சொல்பவர்கள் உண்டு. இரண்டு முறை இறுதிக்கு வந்த அந்த அணியில் பெரும்பாலோர் அயோவாவிலும் அண்டை மாநிலங்களிலும் வளர்ந்த பெண்கள். வென்ற அணிகள் நாடு முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்துத் திரட்டப்பட்டவை. அந்த நிலையில் 1993-க்குப் பிறகு எட்டாத அரையிறுதியை இரண்டு முறை தொட்டதும் கடந்ததும் கோப்பைக்குக் குறைந்த செயல் அல்ல.

இண்டியானாபொலிஸ்

அயோவா சிட்டியிலிருந்து இண்டியானாபொலிஸ் சுமார் 600 கிலோமீட்டர். எண்பதாம் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் வால்காட்டில் உலகின் மிகப் பெரியது என்று பெயர் பெற்ற லாரி நிறுத்தம் வருகிறது. அதைத் தாண்டி மிசிசிப்பியைக் கடந்தால் இல்லினாய். அங்கிருந்து எழுபத்து நான்காம் நெடுஞ்சாலை பியோரியா, புளூமிங்டன், ஷாம்பெயின் வழியாக இண்டியானாவுக்குள் கொண்டு சேர்க்கும்.

2024 ஏப்ரல் 15 அன்று நடந்த தொழில்முறைத் தேர்வில் இண்டியானா ஃபீவர் அணி கிளார்க்கை முதல் ஆளாக எடுத்தது. நகரின் நடுவே உள்ள கெயின்பிரிட்ஜ் அரங்கம் இந்த அணியின் வீடு. முந்தைய ஆண்டு சராசரி நாலாயிரம் பேர் வந்த இடத்துக்கு 2024-இல் ஆட்டத்துக்கு 17,036 பேர் வந்தார்கள். கிளார்க் 337 அசிஸ்ட்களோடு பெண்கள் தொழில்முறை லீக்கின் பருவச் சாதனை படைத்தார்; சிறந்த புதுமுக வீராங்கனை விருதும் அவருக்கே. ஃபீவர் அணி 2016-க்குப் பின் முதல் முறையாக, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போனது. 2025 பருவத்தில் காயங்களால் 13 ஆட்டங்களே ஆட முடிந்தது.

பயணம் செய்பவர்களுக்கு

சிகாகோவிலிருந்து அயோவா சிட்டி மேற்கே சுமார் 350 கிலோமீட்டர். காரில் மூன்றரை மணி நேரம். விமானத்தில் வருபவர்களுக்குச் சீடர் ராப்பிட்ஸ் விமான நிலையம் அருகில். கூடைப்பந்துப் பருவம் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீள்கிறது. ஜனவரியில் உறைநிலைக்கு வெகு கீழே போகும் குளிருக்கும், பனிப்புயலில் மூடப்படும் சாலைகளுக்கும் தயாராக வர வேண்டும். பெண்கள் அணியின் ஆட்டங்களுக்கு டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குவது நல்லது. டௌலிங் பள்ளி குழந்தைகள் படிக்கும் இடம். வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்வதே முறை.

கார்வர் அரங்கில் 2025 பிப்ரவரி 2 அன்று கிளார்க்கின் 22-ஆம் எண் நிரந்தரமாக ஓய்வு பெற்றது. இனி அந்த எண்ணை அயோவா பெண்கள் அணியில் வேறெவரும் அணிய மாட்டார்கள். அன்று சதர்ன் கலிஃபோர்னியா அணியை அயோவா வென்றது. ப்ளூடர் 2024 மே மாதம் ஓய்வு பெற்றுவிட்டதால் அணியை நடத்தியவர், ஆறு பேர் ஆட்டத்தில் வளர்ந்த ஜான் ஜென்சன். கிளார்க் இல்லாத அந்த 2024-25 பருவத்துக்கான சீசன் டிக்கெட்டுகளும் ஆட்டங்கள் தொடங்கும் முன்பே விற்றுத் தீர்ந்திருந்தன.